அறுவடையும் தவணையும்: மாத்தளை மாவட்டத்தில் நுண்கடன்

ஈடு வைக்கக் காணி உறுதியோ நிலையான மாத வருமானமோ இல்லாத குடும்பங்களுக்குச் சிறு தொகையாகக் கொடுத்து, குறுகிய காலத்தில் சிறு தவணைகளாகத் திரும்பப் பெறும் கடன் நுண்கடன் எனப்படுகிறது. அதனுடன் சேமிப்பு, காப்புறுதி, பணப் பரிமாற்றம் ஆகிய சேவைகளும் சேர்ந்தால் அது நுண்நிதி. 1976இல் பங்களாதேஷின் ஜோப்ரா கிராமத்தில் முகம்மது யூனுஸ் 42 பேருக்கு 27 டொலரைக் கடனாகக் கொடுத்துத் தொடங்கிய முயற்சி, 1983இல் கிராமீன் வங்கியாக வளர்ந்து 2006இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றபோது இந்த எண்ணம் உலகெங்கும் பரவியது. இலங்கையின் சிறுகடன் வரலாறு அதைவிடப் பழையது. மாத்தளை மாவட்டம் அந்த வரலாற்றின் பெரும்பாலான கட்டங்களைக் கண்ட இடம். சிறுகடன் எப்போது வறியவருக்கு உதவுகிறது, எப்போது சுமையாகிறது என்பதை ஆராய அது பொருத்தமான களம்.

மாவட்டத்தின் மூன்று பொருளாதாரங்கள்

மத்திய மாகாணத்தின் மூன்று மாவட்டங்களில் ஒன்றான மாத்தளையில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இங்கு 4,84,531 பேர் வாழ்ந்தனர். பெரும்பான்மையினர் சிங்களவர். முஸ்லிம்களும், இலங்கைத் தமிழரும், மலையகத் தமிழரும் கணிசமான தொகையினர்.

வடக்கே தம்புள்ளை, கலேவெல பகுதிகள் உலர் வலயத்தைச் சேர்ந்தவை. நெல்லுடன் பெரிய வெங்காயம், மிளகாய், மரக்கறி ஆகியவை இங்கு பயிராகின்றன. 1999இல் திறக்கப்பட்ட தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையம் நாட்டின் மிகப் பெரிய மரக்கறி மொத்தச் சந்தைகளில் ஒன்று. கிழக்கே லக்கல, வில்கமுவ பகுதிகள் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால் அமைந்த விவசாயக் கிராமங்களும் நீர்ப்பாசனக் குடியேற்றங்களும் ஆகும். தெற்கே இரத்தோட்டை, உக்குவெல, யட்டவத்த, மாத்தளை நகரை ஒட்டிய மலைச்சரிவுகளில் மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ, கோப்பி கலந்த வீட்டுத் தோட்டங்களும், தேயிலை, இறப்பர்ப் பெருந்தோட்டங்களும் இருக்கின்றன.

இந்த மூன்று பகுதிகளிலும் வருமானம் வரும் விதம் வேறு வேறு. வெங்காயம் பயிரிடுபவரின் கையில் போக முடிவில் மொத்தமாகப் பணம் சேரும். மிளகு பறிப்பவருக்கு ஆண்டில் ஓரிரு தடவை வரும். தோட்டத் தொழிலாளிக்கு வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டு மாதம் ஒரு முறை சம்பளம் கிடைக்கும். பால் விற்பவருக்கும் பெட்டிக்கடை நடத்துபவருக்கும் சிறிது சிறிதாக வந்துகொண்டிருக்கும். செலவோ எவருக்கும் அறுவடைக்காகக் காத்திருப்பதில்லை. விதை, உரம், பள்ளிக்கூடச் செலவு, மருந்து, மரணச் சடங்கு ஆகியவை தத்தம் நேரத்தில் வந்துவிடுகின்றன. வறுமை என்பது வருமானம் குறைவாக இருப்பது மட்டுமன்று; வரும் நாளும் தேவைப்படும் நாளும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதும் அதன் ஒரு பகுதி. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் சிறுகடனின் முதல் வேலை.

நிறுவனங்கள் வருவதற்கு முன்னும் மக்கள் இந்த இடைவெளியைத் தமக்குத் தெரிந்த வழிகளில் நிரப்பியே வந்தனர். அவற்றில் மிகப் பரவலானது சீட்டு. பத்துப் பேர் மாதம் 5,000 ரூபாய் போட்டால், மாதம் ஒருவருக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். பத்து மாதத்தில் எல்லோருக்கும் முறை வந்துவிடும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. அயலாரின் நம்பிக்கையே பிணை. அடுத்தது நகை அடகு. அதற்குப் பவுன் வேண்டும். கடையில் பற்று வைப்பது மூன்றாவது. தோட்டப்புறக் கடைகளில் சம்பள நாள்வரை பொருள் கடனாகக் கிடைக்கும். விலையில் அந்தக் காத்திருப்பின் செலவும் சேர்ந்திருக்கும். நான்காவது வியாபாரியின் முற்பணம். விதைக்கும் உரத்துக்கும் பணம் கொடுத்த வியாபாரியிடமே விளைச்சலை விற்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கடன் கொடுத்தவரே விலையையும் தீர்மானிப்பதால், உழவரின் உழைப்பில் ஒரு பங்கு வட்டி என்ற பெயர் இல்லாமலே கைமாறுகிறது.

கடனின் பழைய வரலாறு

மாத்தளையின் மலையகத் தமிழருக்குக் கடன் என்பது குடியேற்றத்தோடு சேர்ந்தே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். பயணச் செலவுக்கு, ஆட்களைத் திரட்டிவந்த கங்காணி கொடுத்த முற்பணமே அவர்களின் முதல் கடன். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், அவர் கடனைப் புதிய தோட்டம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கான சீட்டே ‘துண்டு’. கடன்பட்ட மனிதரே கைமாற்றப்படும் பொருளாக இருந்த அந்த முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தோட்டங்களுக்கு வெளியே, சிறு வியாபாரத்துக்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நெடுங்காலம் பணம் கொடுத்துவந்தனர். 1920களின் நடுப்பகுதியில் ஏற்பட்ட கடன் நெருக்கடியும் 1930களின் பொருளாதார மந்தமும் அந்த வலையமைப்பைச் சுருக்கின. 1934இல் இலங்கை வங்கித்துறை ஆணைக்குழு உள்நாட்டு மக்களுக்குக் கடன் கிடைக்காத நிலையை ஆராய்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. ஆனால் நகரத்து வங்கியின் படியேறுவது கிராமத்து ஏழைக்கு அப்போதும் எளிதாக இருக்கவில்லை.

அவர்களுக்கான வழி கூட்டுறவில் இருந்து வந்தது. மாத்தளைக்கு அடுத்த கண்டி மாவட்டத்தின் தும்பறைப் பகுதியில் 1906இல் நாட்டின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கப்பட்டது. 1911இல் அத்தகைய சங்கங்களுக்கான சட்டம் வந்தது. சிக்கன கடனுதவிச் சங்கங்கள் என்று பெயர் பெற்ற இவை இடைக்காலத்தில் சோர்ந்திருந்தன. 1978இல் பி. ஏ. கிரிவந்தெனியவின் தலைமையில் ‘சணச’ இயக்கமாக மீண்டெழுந்தன. கிராமத்தவர் தாமே பங்குதாரர். தம் சேமிப்பே கடனுக்கு மூலதனம். கடன் கேட்பவரின் குணமும் உழைப்பும் கொடுப்பவருக்கு நேரில் தெரியும். இந்த மூன்றும் சங்கத்தின் வலிமை. ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பயிர் பொய்த்தால் சங்கத்தின் பணமும் வற்றிவிடும் என்பது அதன் வரம்பு.

அரசின் முயற்சிகளும் அடுத்தடுத்து வந்தன. 1964 முதல் மக்கள் வங்கியின் ஆதரவில் கூட்டுறவு கிராமிய வங்கிகள் திறக்கப்பட்டன. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிராந்திய கிராமிய அபிவிருத்தி வங்கிகள் மாவட்ட அளவில் அமைந்தன. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் மலைநாட்டு மாவட்டங்களுக்குக் கந்துறட்ட அபிவிருத்தி வங்கி சேவை செய்தது. 2010இல் இத்தகைய வங்கிகள் ஒன்றிணைந்து பிரதேச அபிவிருத்தி வங்கியாயின. 1989இல் ஜனசவியவும், 1995இல் சமுர்த்தியும் வறுமை ஒழிப்புத் திட்டங்களாக வந்தன. சமுர்த்தி வங்கிகள், மானியம் பெறும் குடும்பங்களை ஐவர் கொண்ட குழுக்களாக்கி, சேமிக்கப் பழக்கி, குழுப் பிணையில் கடன் கொடுத்தன.

மாத்தளைக்கென்றே வந்த திட்டம் ஒன்றும் உண்டு. சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியம் 1998இல் ஒப்புதல் அளித்த மாத்தளைப் பிராந்தியப் பொருளாதார முன்னேற்றத் திட்டம், சிறு விவசாயிகளையும் சிறு தொழில் செய்வோரையும் தனியார் கொள்வனவாளருடன் இணைப்பதையும், அவர்களுக்குக் கடன் கிடைக்கச் செய்வதையும் நோக்காகக் கொண்டது. 2000 முதல் மத்திய வங்கி, ஜப்பானிய நிதியுதவியுடன், ஆறு மாவட்டங்களில் வறுமை ஒழிப்பு நுண்நிதித் திட்டத்தை நடத்தியது. மாத்தளையும் அவற்றுள் ஒன்று. சிறு குழு, கட்டாயச் சேமிப்பு, பயிற்சி, பின்னர் கடன் என்ற வரிசை இத்தகைய திட்டங்களில் இருந்தது. கடன் கடைசிப் படியாக இருந்தமை கவனிக்கத்தக்கது.

கடன் உதவும் வழிகள்

சிறுகடன் ஒரு குடும்பத்தின் நிலையை மாற்றும் வழிகளை மாத்தளையின் தொழில்களிலேயே காணலாம். மிளகு அதற்குத் தெளிவான உதாரணம். ஏறத்தாழ மூன்று கிலோ பச்சை மிளகு உலர்ந்தால் ஒரு கிலோ கருமிளகு கிடைக்கும். உலர்ந்த மிளகை மாதக்கணக்கில் வைத்திருந்து விலை ஏறும்போது விற்கலாம். ஆனால் வீட்டில் அரிசிக்குப் பணம் இல்லாத குடும்பம் பச்சையாகவே, சில வேளை முற்றுவதற்கு முன்னரே, வருகிற வியாபாரிக்கு விற்றுவிடுகிறது. அந்தச் சில மாதங்களைத் தாண்ட ஒரு சிறு தொகை கடனாகக் கிடைத்தால், அதே கொடி, அதே விளைச்சல் கூடுதல் வருமானம் தரும். கென்யாவின் சோள விவசாயிகளிடையே நடந்து 2019இல் வெளியான ஆய்வு இதை உறுதிசெய்கிறது. அறுவடை நேரத்தில் கடன் பெற்றவர்கள் சோளத்தைச் சேமித்து, விலை உயர்ந்தபின் விற்று, கடனின் செலவு போக இலாபம் கண்டனர்.

புதிதாக மிளகு நடுவதற்கான கடன் வேறு வகை. கொடி பலன் தர மூன்றாம் ஆண்டளவாகும். ஓராண்டில் திருப்ப வேண்டிய கடனால் அதைச் செய்ய இயலாது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் நடுகை மானியம் போன்ற உதவியும் நீண்டகாலக் கடனும் அதற்குத் தேவை. கறவை மாடு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பால் தரும் மாதங்களில் பணம் ஒழுங்காக வரும். பால் வற்றும் மாதங்களில் வராது. தையல், பலகாரம், பெட்டிக்கடை போன்றவற்றில் பணம் விரைவாகச் சுழல்வதால் அவற்றுக்குக் குறுங்காலக் கடன் பொருந்தும். ஹபுவிடவின் அரக்கு வேலை, அலுவிகாரையின் பத்திக் போன்ற கைத்தொழில்களில் சரக்கு வாங்கவும் விற்பனைவரை காத்திருக்கவும் பணம் வேண்டும். அங்கு தடையாக இருப்பது பெரும்பாலும் கடன் மட்டுமன்று, சந்தையும்தான்.

முதலீட்டுக்கு அப்பால் இன்னொரு பயனும் உண்டு. நோய், மழைத் தவறு, வேலையின்மை வந்தபோது மாட்டையோ நகையையோ அடிமாட்டு விலைக்கு விற்காமல் தப்பிக்கச் சிறுகடனும் சிறு சேமிப்பும் உதவுகின்றன. இதனால் வருமானம் கூடுவதில்லை. ஆனால் சொத்து கரையாமல் காக்கப்படுகிறது. வறுமையின் விளிம்பில் நிற்கும் குடும்பத்துக்கு அது பெரிய உதவி.

ஆய்வுகள் காட்டுவது

சிறு தொழில்களில் மூலதனம் எவ்வளவு பயன் தரும் என்பதற்கு உலகில் அதிகம் எடுத்தாளப்படும் சான்றுகளுள் ஒன்று இலங்கையிலிருந்து வந்தது. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கன்ஸி, கிறிஸ்டோபர் வூட்ரஃப் ஆகியோர் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறு தொழில் செய்வோரில் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்தவர்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய் பெறுமதியான பணமோ பொருளோ கொடுத்தனர். 2008இல் வெளியான முடிவின்படி, அந்த மூலதனம் மாதம் 4.6 முதல் 5.3 வீதம் வரை, ஆண்டுக்கு 55 முதல் 63 வீதம் வரை, பயன் தந்தது. சந்தை வட்டியை விட இது மிக உயர்வு. ஏழையின் தொழிலில் பணம் வீணாவதில்லை என்பதற்கு இது வலுவான ஆதாரம்.

ஆனால் அதே ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட தொடர் ஆய்வு ஓர் எச்சரிக்கையையும் தந்தது. பயன் முழுதும் ஆண்கள் நடத்திய தொழில்களிலேயே தென்பட்டது. பெண்கள் நடத்தியவற்றில் சராசரியாக இலாபம் உயரவில்லை. பெண்கள் செய்யக்கூடியதாக இருந்த தொழில்கள் குறுகியவையாக இருந்தமை அதற்கு ஒரு காரணம். நுண்கடனின் பெரும்பகுதி பெண்களுக்கே வழங்கப்படும் நாட்டில் இந்த முடிவு ஆழ்ந்து எண்ண வேண்டியது. பெண்ணின் பெயரில் கடன் வருவதால் மட்டும் அவள் கையில் வருமானம் வருவதில்லை.

2015இல் பொஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொரோக்கோ ஆகிய ஆறு நாடுகளின் ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. அவை காட்டிய பொதுத் தோற்றம் நிதானமானது. கடன் கிடைத்தபோது சிலர் தொழிலை விரித்தனர். செலவைத் திட்டமிடும் சுதந்திரம் கூடியது. ஆனால் சராசரிக் குடும்ப வருமானம் பெரிதாக உயர்ந்து வறுமை நீங்கியதாக எங்கும் காணப்படவில்லை.

தவணை முறை பற்றிய ஆய்வு மாத்தளைக்கு இன்னும் நெருக்கமானது. கொல்கத்தாவில் நடத்தி 2013இல் வெளியான பரிசோதனையில், ஒரு பகுதியினர் வழக்கம்போல் இரண்டு கிழமையில் முதல் தவணையைக் கட்டத் தொடங்கினர். மற்றவருக்கு இரண்டு மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் கூடுதலாக முதலிட்டனர். சில ஆண்டுகள் கழித்தும் அவர்களின் இலாபம் உயர்ந்திருந்தது. கடன் தவறியோரின் விகிதமும் அவர்களிடையே கூடியது. கடன் கொடுப்பவருக்குப் பாதுகாப்பான தவணையும், கடன் வாங்குபவருக்குப் பயன் தரும் தவணையும் ஒன்றல்ல என்பதே இதன் பொருள்.

கடன் சுமையாகும் விதம்

2009இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் நிதிக் கம்பனிகளின் நுண்கடன் நாடெங்கும் விரைந்து பரவியது. சங்கத்தில் சேமித்து, பழகி, பின் கடன் பெறும் வரிசை இங்கு இல்லை. மூவரோ ஐவரோ ஒருவருக்கொருவர் பிணை நின்றால் சில நாட்களில் கடன் கிடைக்கும்; ஒவ்வொரு கிழமையும் குறித்த வீட்டில் கூடித் தவணை கட்ட வேண்டும். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டும்வரை கூட்டம் கலையாது.

இதன் உண்மை விலையை ஒரு கணக்கு காட்டும். 50,000 ரூபாய் கடன், ஆண்டுக்கு 24 வீத நிலையான வட்டி, 52 கிழமைத் தவணை என்று கொள்வோம். வட்டி 12,000 ரூபாய். கட்ட வேண்டியது 62,000. கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபாய். ஆனால் முதல் கிழமையிலிருந்தே கடன் முதல் குறைந்துகொண்டு வர, வட்டி மட்டும் முழுத் தொகைக்கும் கணக்கிடப்படுகிறது. குறைந்துசெல்லும் மீதிக்கு வட்டி கணித்தால் உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 44 வீதம். ஆவணச் செலவு, காப்புறுதி என்று 2,500 ரூபாய் முன்கூட்டியே கழிக்கப்பட்டால் அது 55 வீதத்தை எட்டும். டி மெல் குழுவினர் கண்ட உயர்ந்த பயனை ஏறத்தாழ முழுவதும் வட்டியே உறிஞ்சிவிடும் அளவு இது. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் குவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, 220 வீதம் வரை உயர்ந்த வட்டிகளையும் சுட்டிக்காட்டினார்.

வட்டியைவிடத் தவணையின் கால அளவே பல குடும்பங்களை முதலில் தடுமாறச் செய்கிறது. போக முடிவில் பணம் காணும் வெங்காயக்காரர் விதைத்த அடுத்த கிழமையே கட்டத் தொடங்க வேண்டும். பயிர் இன்னும் தரையில் இருக்கத் தவணைக்கு இன்னொரு கடன். அதைக் கட்ட மூன்றாவது கடன். ஒரே பெண் பல நிறுவனங்களின் கூட்டங்களுக்குக் கிழமையின் வெவ்வேறு நாட்களில் போகும் நிலை இப்படித்தான் உருவாகிறது. சீட்டில் நம்பிக்கையாக இருந்த அயலுறவு, குழுப் பிணையில் வசூல் கருவியாக மாறுகிறது. வெட்கத்துக்கு அஞ்சி வீட்டை விட்டு ஒளிந்தவர்களும், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் நாட்டில் உண்டு. எந்த வளர்ச்சிக் கணக்காலும் ஈடுசெய்ய முடியாத இழப்பு அது.

அரசு இதைத் தாமதமாகவே கையிலெடுத்தது. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம், வைப்புப் பெறும் நுண்நிதிக் கம்பனிகளை மத்திய வங்கியின் அனுமதிக்குள் கொண்டுவந்தது. வைப்பு ஏதும் பெறாமல் கடன் மட்டும் கொடுப்போர் அதன் பிடிக்கு வெளியே இருந்தனர். 2018இல் நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு ஆண்டுக்கு 35 வீத உச்சவரம்பு வந்தது. அதே ஆண்டு, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், மூன்று மாதத்துக்கு மேல் தவணை தவறிய பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. வடக்கு, கிழக்கு, வடமத்திய, வடமேல் மாகாணங்களின் மாவட்டங்களே அவை. அனுராதபுரம், குருநாகல், பொலன்னறுவை எல்லைகளை ஒட்டி, அதே உலர் வலயப் பயிர்களை நம்பி வாழும் வட மாத்தளை அதில் சேரவில்லை. 2021 மார்ச்சில் அயல் மாவட்டமான பொலன்னறுவையின் ஹிங்குராங்கொடையில் கடன்பட்ட பெண்கள் தொடர் சத்தியாக்கிரகம் நடத்தினர்.

அடுத்து வந்த அதிர்ச்சிகள் எல்லா மாவட்டங்களையும் தாக்கின. 2021 மே மாதத்தின் இரசாயன உரத் தடை விளைச்சலைக் குறைத்தது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. தவணை மாறவில்லை, அதைக் கட்டுவதற்கான வருமானம் சுருங்கியது.

தோட்டங்களின் தனி நிலை

2019ஆம் ஆண்டு வறுமை மதிப்பீட்டில் நாட்டின் வறுமை வீதம் 14.3, தோட்டத்துறையில் 33.8. மாத்தளையின் தோட்டக் குடும்பங்களும் அந்தத் துறையின் பகுதி. லயன் அறைக்கு உறுதி இல்லாததால் வங்கியில் ஈடு வைக்க எதுவும் இல்லை. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டாலும், மாத வருமானம் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்பதைப் பொறுத்ததே. சம்பளம் மாதத்தில் ஒரு நாள். தவணை நான்கு நாள். வீடு திருத்தல், பிள்ளைகளின் படிப்பு, திருவிழா, நோய் ஆகியவற்றுக்கே இங்கு கடன் அதிகம் வாங்கப்படுகிறது. இவை நியாயமான தேவைகள். ஆனால் தவணை கட்டப் புதிய வருமானம் தருபவை அல்ல. எனவே தோட்டக் குடும்பத்துக்குத் தொழில் கடனைவிட முதலில் தேவைப்படுவது குறைந்த வட்டியில் கடன் தரும் சேமிப்புச் சங்கம், வீட்டுக்கான காணி உறுதி, மாடு வளர்க்கவும் மரக்கறி பயிரிடவும் ஒரு துண்டு நிலம். இவை இருந்தால் கடனை வருமானமாக்க முடியும்.

கடன் உதவியாவதற்கான நிபந்தனைகள்

மாத்தளையின் அனுபவமும் ஆய்வுகளின் முடிவுகளும் சில தெளிவான நிபந்தனைகளில் ஒன்றுசேர்கின்றன. முதலாவது, தவணை வருமானத்தைப் பின்பற்ற வேண்டும்: வெங்காயத்துக்குப் போக முடிவிலும், மிளகுக்கு விற்பனையின் பின்னும், பாலுக்குக் கறவை மாதங்களிலும், தோட்டச் சம்பளத்துக்கு மாதம் ஒரு முறையும் வசூல் நடக்க வேண்டும். இரண்டாவது, சேமிப்பு கடனுக்கு முன்னால் வர வேண்டும். சொந்தச் சேமிப்புள்ள குடும்பம் முதல் அதிர்ச்சியிலேயே இரண்டாவது கடனைத் தேடிப் போவதில்லை. மூன்றாவது, எல்லாச் செலவும் சேர்ந்த உண்மை வட்டி, குறைந்துசெல்லும் மீதியின் கணக்கில், கடன் வாங்குபவரின் தாய்மொழியில் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட ஒப்பந்தத்தில் தமிழ்ப் பெண் கையொப்பமிடுவது சம்மதம் ஆகாது. நான்காவது, வைப்புப் பெறாத கடன் கொடுப்போர் உட்பட அனைவரும் ஒரே சட்டத்துக்குள் வந்து, ஒருவருக்கு ஏற்கெனவே உள்ள கடன்களைப் பார்த்த பின்னரே புதிய கடன் கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது நிபந்தனை கடனுக்கு வெளியே இருக்கிறது. விளைச்சலுக்கு விலையும், பயிருக்குக் காப்புறுதியும், பெண்களுக்கு இலாபம் தரும் தொழிலும், குடியிருக்கும் மண்ணில் உரிமையும் இல்லாத இடத்தில், கடன் அந்தக் குறைகளைக் கிழமைத் தவணையாக்கிக் குடும்பத்தின் தோளில் ஏற்றுகிறது. அவை உள்ள இடத்தில் சிறு தொகையும் பெரிய வேலை செய்கிறது. ஊரார் சேமிப்பில், ஊராரின் கண்காணிப்பில், விளைச்சலுக்கேற்ற தவணையில் இயங்கும் சங்க முறை மலைநாட்டுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பழக்கமானது. அதன் ஒழுங்கையும் வங்கியின் மூலதனத்தையும் சேர்ப்பதே மாத்தளையின் வறிய குடும்பங்களுக்கு நுண்கடன் செய்யக்கூடிய மெய்யான உதவி.